ஈமெயில் கூடினால் மேலாளர்களின் நேர் சந்திப்பு குறையுமா?

கேள்வி இது: ஒரு நிறுவனத்தில் மேலாளர்கள் தங்களுக்குள் ஈமெயில் அதிகம் பயன்படுத்தினால், அவர்கள் நேரில் கூடிப் பேசுவது குறையுமா? குறையும் என்றால், மீட்டிங்குகளைப் பாதியாக வெட்டிவிட்டு மிச்சத்தை எழுத்திலேயே முடித்துக்கொள்ளச் சொல்லும் நிர்வாகத்தின் யோசனை எடுபடுமா?

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலும் குறையாது. ஒருவருக்கொருவர் அதிகம் ஈமெயில் அனுப்பிக்கொள்ளும் மேலாளர்கள்தான் அதிகம் சந்தித்தும் பேசுகிறார்கள். இரண்டுக்கும் ஊற்று ஒன்றே: ஒருவர் வேலை இன்னொருவர் வேலையை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது. இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பின்னால் போய் வர வேண்டும்.

கணினி வலையமைப்பில் ஒரு இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு முதல் ஈமெயிலை ரே டாம்லின்சன் அனுப்பியது 1971இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற நிர்வாகவியல் அறிஞர், ஐந்து நிறுவனத் தலைவர்களின் பக்கத்தில் ஆளுக்கு ஒரு வாரம் இருந்து, அவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தார். 1973இல் வெளிவந்த அந்தக் கணக்கு இன்றும் படிக்கத் தக்கது. அவர்களுடைய நேரத்தில் 59 சதவீதம் முன்கூட்டியே குறித்த மீட்டிங்குகளில் போனது. இன்னொரு 10 சதவீதம் திடீரென்று கூடிய சந்திப்புகளில். மேசை வேலைக்கு 22 சதவீதம், தொலைபேசிக்கு 6 சதவீதம். அந்த 25 வேலை நாட்களில் ஐந்து பேரும் சேர்ந்து, வந்த கடிதத்துக்குப் பதிலாக இல்லாமல் தாமாகவே எழுதி அனுப்பிய கடிதங்கள் மொத்தம் 25தான். எழுத்து என்பது அவர்களுக்கு எங்கிருந்தோ வந்து குவிவது. வேலை நடந்தது வாய்ப்பேச்சில்.

இப்போது நாற்பத்தைந்து ஆண்டுகள் தாண்டி வாருங்கள். 2018இல் மைக்கேல் போர்ட்டரும் நிதின் நோரியாவும் 27 பெரிய நிறுவனங்களின் தலைமைச் செயல் அதிகாரிகள் ஆளுக்கு 13 வாரம் நேரத்தை எப்படிச் செலவிட்டார்கள் என்று வெளியிட்டார்கள். வேலை நேரத்தில் 61 சதவீதம் நேருக்கு நேர் பேச்சு, 24 சதவீதம் மின்னணுத் தொடர்பு, 15 சதவீதம் தொலைபேசியும் கடிதமும். வாரத்துக்குச் சராசரியாக 37 மீட்டிங்குகள். இரண்டு ஆய்வுகளும் நேரத்தை அளந்த முறை வேறு, எடுத்துக்கொண்ட ஆட்களும் கொஞ்சம்தான். எனவே எண்ணுக்கு எண் ஒப்பிட மாட்டேன். ஆனாலும் ஒன்று தெரிகிறது. இடையில் ஈமெயில் வந்து உலகத்தையே பிடித்துக்கொண்ட பிறகும், மேல்மட்ட மேலாளரின் நாளில் பெரும்பகுதி இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்தான் கழிகிறது.

அப்படியானால் இத்தனை ஈமெயிலும் எங்கிருந்து முளைத்தது? இதற்கு 1986லேயே ஒரு நல்ல பதில் கிடைத்தது. லீ ஸ்ப்ரௌல், சாரா கீஸ்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பெரிய நிறுவனத்தில் ஓடிய ஈமெயில்களைப் பார்த்தபோது, அவற்றில் வந்த தகவலில் பெரும்பகுதி வேறு எந்த வழியிலும் போயிருக்கவே போயிருக்காத தகவல் என்று தெரிந்தது. ஈமெயில் இல்லாவிட்டால் யாரும் அதற்காக மீட்டிங் போட்டிருக்க மாட்டார்கள், போன் செய்திருக்க மாட்டார்கள். அந்தச் செய்தி சொல்லப்படாமலே போயிருக்கும். இருந்த பேச்சின் இடத்தைப் பிடிப்பதை விட, புதிய பேச்சை உண்டாக்குவதில்தான் ஈமெயில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. புதிதாக உண்டாகும் பேச்சில் ஒரு பங்கு 'இதைப் பற்றி நேரில் பேசலாமா?' என்றுதான் முடிகிறது. மீட்டிங் குறைவதற்குப் பதிலாக ஏன் கூடுகிறது என்பதற்கு இது பாதி விளக்கம்.

மீதிப் பாதியைத் தாமஸ் ஆலன் தருகிறார். பொறியாளர்கள் யாரோடு யார் பேசுகிறார்கள் என்று எழுபதுகளில் அளந்தவர் அவர். இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று சரிகிறது. சுமார் 50 மீட்டர் தாண்டிவிட்டால், பக்கத்துக் கட்டடமும் வேறு ஊரும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்போது பலருடைய எதிர்பார்ப்பு, தூரத்தில் இருப்பவர்களுக்குத் தொலைபேசியும் ஈமெயிலும் ஈடுகட்டிவிடும் என்பது. பிற்காலத்தில் ஆலன் அதையும் பார்த்தார். நேரில் அதிகம் பார்த்துக்கொள்பவர்கள்தான் போனிலும் எழுத்திலும் அதிகம் பேசிக்கொண்டார்கள். தூரம் கூடினால் எல்லா வழிகளுமே சேர்ந்து குறைந்தன. காலையில் நேரில் பார்த்தவருக்கு மாலையில் எழுதுவதற்கு ஒரு விஷயம் இருக்கும். மாதக்கணக்காகப் பார்க்காதவருக்கு எழுத விஷயமே தோன்றாது. மேலாளர்கள் விஷயத்தில் இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அவர்கள் பரிமாறிக்கொள்வதில் பாதி, கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் சங்கதிகள்.

2020இல் கொரோனா ஊரடங்கின்போது நடந்ததும் இதே பக்கம்தான் சாய்கிறது. 16 பெரிய நகரங்களில் 31 லட்சம் பேரின் மீட்டிங், ஈமெயில் விவரங்களைப் பார்த்த ஒரு ஆய்வில், ஒரு நபருக்கான மீட்டிங்குகளின் எண்ணிக்கை 12.9 சதவீதம் கூடியது. ஒவ்வொரு மீட்டிங்கிலும் உட்கார்ந்தவர்கள் 13.5 சதவீதம் கூடினார்கள்; மீட்டிங்கின் சராசரி நீளம் 20.1 சதவீதம் குறைந்தது. ஈமெயிலும் சேர்ந்தே கூடியது. வேலை நாள் 48.5 நிமிடம் நீண்டது. அவை திரையில் நடந்த மீட்டிங்குகள் என்பது சரி, முகத்துக்கு முகம் பார்த்த கணக்கில் வராது. ஆனால் வராந்தாவில் நின்று பேசும் இரண்டு நிமிடப் பேச்சு அற்றுப்போனபோது, அதை ஈமெயில் மட்டும் நிரப்பவில்லை என்பது கவனிக்க வேண்டியது. ஈமெயிலும் மீட்டிங்கும் இரண்டுமாகச் சேர்ந்துதான் நிரப்பப் பார்த்தன.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எதை எழுத வேண்டும், எதைப் பேச வேண்டும்?

எண்பதுகளில் ரிச்சர்ட் டாஃப்ட், ராபர்ட் லெங்கல் என்ற இருவர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். தெளிவான, ஒரே பொருள் தரும் செய்திக்கு எழுத்து போதும். பல விதமாகப் புரிந்துகொள்ளக்கூடிய குழப்பமான விஷயத்துக்கு, குரலும் முகபாவமும் உடனடிப் பதிலும் கிடைக்கும் நேர் சந்திப்பு வேண்டும். நல்ல மேலாளர் விஷயத்துக்கு ஏற்ற வழியைத் தேர்ந்தெடுப்பார் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் 1994இல் லின் மார்கஸ் ஒரு நிறுவனத்தை ஆராய்ந்தபோது, அங்கே மூத்த மேலாளர்கள் சிக்கலான விஷயங்களையும் சர்வசாதாரணமாக ஈமெயிலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். காரணம் அந்தச் செய்திகளின் தன்மையில் இல்லை. மேல்மட்டம் அதைத்தான் பயன்படுத்தியது, மற்றவர்களும் பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தியது, புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். ஒரு அலுவலகத்தில் எது ஈமெயிலில் போகும், எது நேரில் போகும் என்பதை அங்குள்ள பழக்கமும் அதிகாரமும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. உங்கள் நிர்வாக இயக்குநர் இரவு பதினொரு மணிக்கு மூன்று வரி ஈமெயில் போடுபவர் என்றால், ஆறு மாதத்தில் உங்கள் துறைத் தலைவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் எழுதுவார்கள். எந்தக் கையேடும் அதை மாற்றாது.

எனக்கு உதவியாக இருப்பது 2008இல் ஆலன் டென்னிஸும் அவருடைய சகாக்களும் வைத்த பிரிவு. எல்லா வேலைப் பேச்சிலும் இரண்டு கட்டங்கள் உண்டு என்கிறார்கள். ஒன்று, தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இரண்டாவது, அந்தத் தகவலுக்கு என்ன பொருள் என்பதில் ஒரே கருத்துக்கு வருவது. முதலாவதற்கு நிதானம் வேண்டும்: படிக்க, திரும்பப் படிக்க, யோசிக்க. எழுத்து அதற்கு ஏற்றது. இரண்டாவதற்கு உடனுக்குடன் கேள்வி, பதில், திருத்தம் வேண்டும். அங்கே பேச்சு ஏற்றது. அலுவலகங்களில் நடக்கும் வீண் வேலையில் பெரும்பகுதி, இவை இரண்டும் இடம் மாறிப் போவதால் வருவது. மீட்டிங்கில் உட்கார்ந்து ஒருவர் ஸ்லைடுகளை வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். அது எழுத்தில் போயிருக்க வேண்டியது. அதே ஆட்கள் மதியம் ஈமெயிலில் விவாதம் செய்வார்கள். அது பேச்சில் முடிந்திருக்க வேண்டியது.

எல்லோருக்கும் தெரிந்த மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விற்பனை மேலாளர் காலையில் உற்பத்தி மேலாளருக்கு எழுதுகிறார்: '18ஆம் தேதி சரக்கு அனுப்ப முடியுமா?' பதில் வருகிறது: 'சோதனை முடிந்துவிட்டால் முடியும்.' விற்பனை மேலாளர் 'முடியும்' என்பதைப் படிக்கிறார். உற்பத்தி மேலாளர் எழுதியது 'முடிந்துவிட்டால்' என்பதை. இரண்டு நாள் கழித்து மூன்றாவது ஈமெயில்: 'நீங்கள் உறுதி சொன்னபடி வாடிக்கையாளருக்கு 18 என்று தெரிவித்துவிட்டேன்.' நான்காவது: 'நான் உறுதி எதுவும் சொல்லவில்லை, என் முந்தைய ஈமெயிலைப் பார்க்கவும்.' இந்த நான்காவதில்தான் உற்பத்தி மேலாளரின் மேலதிகாரி சிசியில், அதாவது நகல் பெறுவோர் வரிசையில், ஏறுகிறார். ஐந்தாவதில் விற்பனைத் தலைவர் ஏறுகிறார். ஆறாவதைத் தரக் கட்டுப்பாட்டுக்கு ஃபார்வர்ட் செய்கிறார்கள், 'உங்கள் கருத்து?' என்ற ஒற்றை வரியோடு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு பேர் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் மீட்டிங்.

இந்த மீட்டிங்கைப் பெற்றெடுத்தது அந்த ஈமெயில் சங்கிலிதான். முதல் பதில் வந்தவுடனே விற்பனை மேலாளர் எழுந்து போயோ போனை எடுத்தோ 'சோதனைக்கு வழக்கமாக எத்தனை நாள் ஆகும், இந்தத் தடவை என்ன சந்தேகம்?' என்று கேட்டிருந்தால் இரண்டு பேரோடு ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அப்புறம் அதே விஷயத்தை இரண்டு வரி ஈமெயிலாகப் போட்டிருந்தால் தேதியும் நிபந்தனையும் பதிவாகியிருக்கும். கேள்வியை எழுதிக் கேட்டதில் குற்றமே இல்லை. நிபந்தனையோடு வந்த பதிலை எழுத்திலேயே வைத்து மல்லுக்கட்டியதுதான் பிழை.

அந்தச் சங்கிலி திசை மாறிய இடம் நான்காவது ஈமெயில். சிசியில் மூன்றாவது ஆள் ஏறியவுடன், எதிரில் இருப்பவரோடு பேசுவது நின்றுவிடுகிறது. பார்த்துக்கொண்டிருப்பவருக்காக எழுதுவது தொடங்குகிறது. வாக்கியங்கள் நிமிர்ந்து உட்கார்கின்றன. 'மேலே குறிப்பிட்டபடி', 'ஏற்கெனவே தெளிவுபடுத்தியபடி' எல்லாம் அப்போதுதான் வருகின்றன. நேர் சந்திப்பிலும் மேலதிகாரி உள்ளே நுழைந்தால் பேச்சு மாறும், ஆனால் அவர் போன பிறகு மறுபடி பழைய நிலைக்கு வரலாம். ஈமெயிலில் ஏறியவர் இறங்குவதே இல்லை. மேலாளர்களுக்கிடையே உறவு கெடுவதில் ஈமெயிலுக்குப் பங்கு இருக்கிறது என்றால், என் கணிப்பில் அதில் பெரிய பங்கு சிசிக்குத்தான்.

தொனியும் ஒரு சிக்கல். 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானோர் ஒரு எளிய சோதனை செய்தார்கள். சில வாக்கியங்களைக் கேலியாகவோ உண்மையாகவோ ஈமெயிலில் அனுப்ப வேண்டும்; பெற்றவர் எது எது என்று சொல்ல வேண்டும். அனுப்பியவர்கள் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று நம்பினார்கள். நடந்தது 56 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். குரலில் கேட்டவர்கள் முக்கால்வாசிக்கு நெருக்கமாகச் சரியாகச் சொன்னார்கள். இதில் கவலைப்பட வேண்டியது, எழுதியவரின் தன்னம்பிக்கை. எழுதும்போது தன் தொனி தனக்கு மட்டும் மனதுக்குள் கேட்கிறது. அது காகிதத்தில் இறங்கவில்லை என்பதே அவருக்குத் தெரிவதில்லை. அவசரத்தில் இருக்கும் மேலாளர் 'சரி, பார்க்கிறேன்.' என்று எழுதியதை, பெற்றவர் ஒரு மணி நேரம் கோபமாக வாசித்துக்கொண்டிருக்க முடியும்.

கோரிக்கை வைப்பதிலும் இதே குருட்டுத்தனம் உண்டு. மஹ்தி ரோகனிசாதும் வனெசா போன்ஸும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு சிறு உதவியை நேரில் கேட்டது, ஈமெயிலில் கேட்டதைப் போல 34 மடங்கு பலன் தந்தது. ஈமெயில் அனுப்பியவர்களோ இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். ஒரே நிறுவனத்தில் தெரிந்த முகங்களுக்கு நடுவே இந்த இடைவெளி இவ்வளவு இருக்காது. ஆனாலும், இன்னொரு துறைத் தலைவரிடம் ஒரு ஆளைக் கடனாகக் கேட்பது போன்ற விஷயத்தை ஈமெயிலில் கேட்டு 'பார்க்கலாம்' என்ற பதிலை வாங்கிக்கொண்டவர்கள், எதனால் அது அப்படியே நின்றுபோனது என்று யோசிக்கும்போது இதை நினைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் சங்கடமானது. பல சமயம் மேலாளர்கள் ஈமெயிலைத் தேர்ந்தெடுப்பது, அந்த ஆளைப் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான். மார்கஸின் ஆய்விலேயே இது வெளிப்பட்டது: விரும்பாத சந்திப்பைத் தவிர்க்க அங்கே தெரிந்தே ஈமெயிலைப் பயன்படுத்தினார்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் இதன் விளைவு ஒன்றுதான். பேசாமல் விட்ட விஷயம் தள்ளிப்போகிறது, தீர்வதில்லை. ஒரு துறையில் ஈமெயில் கூடி நேர்ப்பேச்சு மட்டும் குறைந்தால், அதாவது நான் முதலில் சொன்ன பொதுவான போக்குக்கு மாறாக இருந்தால், அதைச் சிக்கனம் என்று மகிழ்வதற்கு முன் அந்த இருவருக்குள் என்ன நடக்கிறது என்று விசாரிப்பது நல்லது.

எழுத்துப் பேச்சும் மேலாளர் கூட்டமும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக ஓடினால் என்ன ஆகும் என்பதற்கு, கொலம்பியா விண்கலத்தின் கடைசிப் பயணத்தை விடக் கனமான சான்று எனக்குத் தெரியாது. 2003 ஜனவரி 16இல் அது கிளம்பிய இரண்டாம் நிமிடத்துக்குள் ஒரு நுரைத் துண்டு கழன்று இடது இறக்கையில் மோதியது. நாசாவின் பொறியாளர்கள் இதைப் பற்றி நாள்கணக்கில் ஈமெயிலில் விவாதித்தார்கள். ராட்னி ரோச்சா என்ற பொறியாளர், இறக்கையைப் படம் பிடிக்க வெளி அமைப்பின் உதவியைக் கெஞ்சியாவது கேட்க முடியுமா என்று தன் மேலாளருக்கு ஈமெயிலில் கேட்டார். கோரிக்கை மேலே போய் நிராகரிக்கப்பட்டது. அது தவறு என்று கடுமையாக ஒரு ஈமெயில் எழுதினார், அச்செடுத்து ஒரு சகாவிடம் காட்டினார், ஆனால் அனுப்பவில்லை. அதிகார வரிசையைத் தாண்டிப் போக விரும்பவில்லை என்று விசாரணையில் சொன்னார். பயண மேலாண்மைக் குழுவின் கூட்டங்களிலோ அந்த நுரைத் துண்டு, விண்கலம் திரும்பிய பிறகு பார்க்க வேண்டிய பராமரிப்பு விஷயமாகவே கருதப்பட்டது. பிப்ரவரி 1 அன்று விண்கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

அந்த விபத்துக்குக் காரணங்கள் பல; ஈமெயில்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. நான் பார்ப்பது இதைத்தான்: இன்பாக்ஸ்களில் கொதித்துக்கொண்டிருந்த சந்தேகம், முடிவு எடுக்கும் அறைக்குள் அதே சூட்டோடு வரவில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள் சந்தேகம் இல்லை என்று நினைத்தார்கள். எழுதியவர்கள் சொல்லிவிட்டோம் என்று நினைத்தார்கள். சாதாரண அலுவலகங்களில் உயிர் போகாது, ஆனால் இதே வடிவம் அன்றாடம் நடக்கிறது. 'நான்தான் ஈமெயில் போட்டேனே' என்பதும் 'மீட்டிங்கில் யாரும் எதுவும் சொல்லவில்லையே' என்பதும் ஒரே நாளில் ஒரே விஷயத்தைப் பற்றிக் காதில் விழும்.

எதிர்த் திசையிலும் ஒரு சான்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நேர்ப்பேச்சைக் கூட்ட வேண்டும் என்று சுவர்களை இடித்துத் திறந்தவெளி அலுவலகம் கட்டிய இரண்டு பெரிய நிறுவனங்களை ஈத்தன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீஃபன் டர்பனும் 2018இல் ஆராய்ந்தார்கள். கழுத்தில் மாட்டிய சிறு கருவிகளால் யார் யாரோடு நேரில் பேசுகிறார்கள் என்று அளந்தார்கள். நேருக்கு நேர் பேச்சு சுமார் 70 சதவீதம் சரிந்தது. ஈமெயிலும் குறுஞ்செய்தியும் கூடின. எல்லோர் காதிலும் விழும் இடத்தில் மனம்விட்டுப் பேச யாரும் விரும்பவில்லை. இங்கே ஈமெயில் நிஜமாகவே நேர்ப்பேச்சின் இடத்தைப் பிடித்தது. 'பெரும்பாலும் குறையாது' என்று ஆரம்பத்தில் நான் சொன்னதற்கு இது விலக்கு, காரணமும் தெளிவு: தனியாகப் பேச ஒரு கதவு இல்லாவிட்டால், கதவு உள்ள ஒரே இடம் இன்பாக்ஸ்தான்.

குளோரியா மார்க்கின் குழு 2012இல் வெளியிட்ட ஒரு சிறு சோதனையும் இதோடு சேரும். 13 அலுவலகப் பணியாளர்களுக்கு ஐந்து வேலை நாட்கள் ஈமெயிலை நிறுத்திப் பார்த்தார்கள். வேலைக்கு வேலை தாவுவது குறைந்தது, இதயத் துடிப்பின் அளவீட்டில் மன அழுத்தமும் குறைந்தது. தேவைப்பட்டவரிடம் எழுந்து போய்ப் பேசினார்கள், போன் செய்தார்கள். ஆனால் இதைப் பார்த்து எல்லாப் பழியையும் ஈமெயில் தலையில் போடுவதற்கு முன், ஸ்டீஃபன் பார்லியும் சகாக்களும் 2011இல் சொன்னதையும் கேட்க வேண்டும். ஈமெயிலில் செலவிடும் நேரம் கூடினால் சுமை கூடியதாகத் தோன்றுகிறது என்பது உண்மைதான். அதே சமயம், ஈமெயிலையே குற்றவாளியாகப் பார்த்துப் பழகியதால், சுமை வரும் மற்ற இடங்கள் மக்களின் கண்ணில் படாமல் போகின்றன என்றார்கள். குவிந்த இன்பாக்ஸ் கண்ணுக்கு எதிரே எண்ணோடு நிற்கிறது. நாலு மணி நேரம் மீட்டிங்கில் போனது அப்படி எங்கும் எண்ணாகத் தெரிவதில்லை.

சரி, நல்ல மேலாளர்கள் இரண்டையும் எப்படிச் சேர்க்கிறார்கள்? செடல் நீலி, பால் லியோனார்டி முதலானோர் ஆறு நிறுவனங்களில் திட்ட மேலாளர்களின் பின்னாலேயே சுற்றிப் பார்த்தார்கள். ஒரே செய்தியை ஒரே ஆளுக்கு இரண்டு வழிகளில் அடுத்தடுத்துச் சொல்வது அவர்களிடம் வழக்கமாக இருந்தது. ஆட்கள் மேல் நேரடி அதிகாரம் உள்ளவர்கள் முதலில் ஒரு தடவை சொல்லிவிட்டு, அது வேலைக்கு ஆகவில்லை என்று தெரிந்த பிறகே இரண்டாவது வழியில் போனார்கள். அதிகாரம் இல்லாதவர்களோ ஆரம்பத்திலிருந்தே இரண்டு வழிகளையும் திட்டமிட்டு வைத்திருந்தார்கள். எதிரில் இருப்பவரை யோசனையில் சேர்த்துக்கொண்டு, பிரச்சினையை அவரே கண்டுபிடித்ததாக உணர வைத்தார்கள். எனக்கு இந்த இரண்டாம் வகைதான் பிடிக்கிறது. மேலாளருக்கு மேலாளர் பேசும்போது யாருக்கும் யார் மேலும் அதிகாரம் இல்லை. அங்கே 'ஒரு ஈமெயில் போட்டாச்சு, என் கடமை முடிந்தது' என்பது செல்லாது.

மீட்டிங்குக்குள்ளேயே எழுத்தைக் கொண்டுவந்தவர்களும் உண்டு. 2004 ஜூனில் அமேசானின் ஜெஃப் பெசோஸ் தன் மூத்த குழுவுக்கு அனுப்பிய ஒரு ஈமெயிலில், இனிமேல் கூட்டங்களில் பவர்பாயிண்ட் வேண்டாம், முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு வேண்டும் என்றார். அதிலிருந்து வளர்ந்த பழக்கம்தான், கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்து ஆறு பக்கக் குறிப்பைப் படித்துவிட்டுப் பிறகு பேசுவது. படிக்காமலே வந்து தலையாட்டுகிறவர் யாரும் மிஞ்சுவதில்லை. தகவல் சேர்வது எழுத்தில், கருத்து ஒன்றுபடுவது பேச்சில். இரண்டும் ஒரே அறையில், ஒரே மணி நேரத்தில். எல்லா நிறுவனங்களுக்கும் ஆறு பக்கம் தேவையில்லை, ஒரு பக்கமே நிறையச் செய்யும்.

இப்போது உங்கள் நிர்வாகத்தின் யோசனைக்கு வருகிறேன். மீட்டிங்கின் எண்ணிக்கையைப் பாதியாக்கு என்று மொத்தமாக உத்தரவு போட்டால், அந்தப் பேச்சு ஈமெயிலுக்குப் போகும், அங்கே முடியாமல் அவசரச் சந்திப்பாகத் திரும்பி வரும். எண்ணிக்கையைத் தொடுவதற்கு முன், இரண்டு வாரத்துக்கு நடந்த மீட்டிங்குகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டாரா, ஏதாவது ஒரு முடிவு எடுக்கப்பட்டதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இரண்டுமே இல்லாதவை தகவல் சொல்லும் மீட்டிங்குகள். அவற்றை யோசிக்காமல் எழுத்துக்கு மாற்றலாம். வாராந்திர நிலவர மீட்டிங்குகளில் பெரும்பாலானவை இதில் விழும் என்று நினைக்கிறேன்.

அதே இரண்டு வாரத்தின் ஈமெயில் சங்கிலிகளையும் எடுங்கள். ஒரே ஆட்களுக்குள் மூன்று தடவைக்கு மேல் போய் வந்து, ஒவ்வொரு சுற்றிலும் சிசியில் ஆள் கூடியிருந்தால், அது நேர்ப்பேச்சுக்குப் போயிருக்க வேண்டியது. இந்த வகைக்கு விதி ஒன்று போதும்: நிபந்தனையோ மறுப்போ இரண்டாவது தடவை வந்தால் எழுதுவதை நிறுத்திவிட்டு, சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் பேசுவது, பேசி முடித்த அன்றே யாராவது ஒருவர் முடிவை நாலு வரியில் எழுதி அனுப்புவது. அந்த நாலு வரியை விட்டுவிடாதீர்கள். நேரில் ஒத்துக்கொண்டதை இருவரும் இரண்டு விதமாக நினைவில் வைத்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது, அதில் யாருடைய நேர்மையையும் சந்தேகிக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு கூட்டத்தாரை மட்டும் இந்தக் குறைப்பிலிருந்து விலக்கி வைக்கச் சொல்வேன்: புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளர்கள். மைக்ரோசாஃப்ட்டின் 61,182 ஊழியர்களின் தொடர்புகளை வைத்து வெளியான ஆய்வில், முழுக்க வீட்டிலிருந்து வேலைக்கு மாறிய பிறகு குழுக்கள் தங்களுக்குள் சுருங்கின, குழுக்களுக்கு இடையேயான இணைப்புகள் குறைந்தன, ஈமெயிலும் குறுஞ்செய்தியும் கூடின. ஏற்கெனவே உறவு உள்ளவர்கள் அந்த உறவின் பலத்தில் எழுத்திலேயே சமாளித்துவிட முடியும். புதியவருக்கு அந்தக் கையிருப்பு இல்லை. அவர் அனுப்பும் ஒவ்வொரு ஈமெயிலும் முன்பின் தெரியாதவரின் ஈமெயிலாகத்தான் படிக்கப்படும். முதல் மூன்று மாதமாவது அவர் மற்ற துறைத் தலைவர்களை ஒவ்வொருவராக நேரில் பார்த்துப் பேச அவருடைய நாட்காட்டியில் இடம் விட்டு வையுங்கள், அஜெண்டா இல்லாவிட்டாலும் பரவாயில்லை.